ஆறாம் பங்கேற்பாளர் கற்பனையே

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னது நான். முதல் வரைவு, "நான் மனித உரிமைகளில் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தபோது" என்று தொடங்கியது. நாலு வரிக்குள் வெட்கம் பிடுங்கித் தின்றது. அதனால் இனிமேல் 'நான்' இல்லை, 'அவள்'. தள்ளி நின்று திட்ட வசதியாக இருக்கும்.

2

[தொடக்கம், இரண்டாம் முயற்சி: மனிதராய்ப் பிறந்த ஒவ்வொருவரின் கண்ணியமும்... வேண்டாம். இது அவளுடைய ஆய்வேட்டின் முதல் வரி. நெறியாளரே இதைத் தாண்டிப் படித்தாரா என்பது சந்தேகம்.]

துப்புரவுப் பணியாளர்களின் ஓய்வுரிமை பற்றி அவள் ஆய்வு செய்தாள். ஆறு பேரைப் பேட்டி எடுக்க வேண்டும். ஐந்து பேரை ஊரெல்லாம் அலைந்து பிடித்தாள். ஆறாவது ஆளுக்கு அலைச்சல் இல்லை. அவளுடைய துறை இருந்த மாடியைக் கூட்டித் துடைக்கும் அக்காவே சம்மதித்தார். ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினாள்: பெயர் வெளியே வராது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு ஐம்பது நிமிடம் பேசினார்.

பதிவைத் திரும்பக் கேட்டபோது இருபதாவது நிமிடத்தில் இது இருந்தது:

"வேலை செய்யிற இடத்துல உக்கார உங்களுக்கு இடம் இருக்காக்கா?"

"இப்பவா?"

பேட்டி நடந்த அறையில் இருந்த இரண்டாவது நாற்காலியில் அவளுடைய பை சொகுசாக உட்கார்ந்திருந்தது. அக்கா ஐம்பது நிமிடமும் நின்றபடிதான் பேசியிருக்கிறார். எழுதி எடுக்கும்போது அந்த இடத்தில் [சிரிப்பு] என்று போட்டாள்.*

* சிரித்தது யார் என்று போடவில்லை.

3

துறையில் ஆய்வுக் கண்காட்சி வைத்தார்கள். அக்கா சொன்னதை அவள் பெரிய எழுத்தில் போஸ்டராக்கி நடைவழியில் மாட்டினாள்: "சாமான் ரூம்ல பக்கெட்டக் கவுத்துப் போட்டு உக்காருவேன். சூப்பர்வைசர் செருப்புச் சத்தம் கேட்டா எந்திரிச்சிடுவேன்." கீழே, பங்கேற்பாளர் 6, நான்காவது மாடி. இரண்டாம் பரிசு கிடைத்தது.

மறுநாள் அக்கா அவளைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

"ஏம்மா, பேரு வராதுன்னு சொன்னீங்க."

"வரலையேக்கா."

"நாலாவது மாடின்னு போட்டிருக்கீங்க. நாலாவது மாடிக்கு நான் ஒருத்திதானே? சூப்பர்வைசர் ரெண்டு தடவ நின்னு படிச்சிட்டுப் போனாரு. நாளைலேர்ந்து வர வேணாம்னுட்டா நான் எங்க போவேன்?"

[இங்கே அவளுடைய மனநிலை பற்றி ஒரு பத்தி இருந்தது. 'குற்றவுணர்வு' ஏழு முறை வந்தது. 'அக்கா' ஒரு முறைகூட வரவில்லை. எடுத்துவிட்டேன்.]

4

போஸ்டரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு நேராகச் சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், இதுல இருக்கிறது நிஜ ஆள் இல்ல. நானா கற்பனை பண்ணி எழுதினது."

"ஆராய்ச்சின்னு சொன்னாங்க?"

"ஆமா சார். பொய்யா எழுதிட்டேன்."

பெரிய தியாகம் செய்துவிட்ட மிதப்பில் வீட்டுக்குப் போனாள். சூப்பர்வைசர் கடமை தவறாதவர். துறைக்கு எழுதிப் போட்டுவிட்டார். மூன்றாம் நாள் ஆய்வு நெறிக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது: பங்கேற்பாளர் 6 உண்மையான நபரா? செவ்வாய்க்கிழமைக்குள் எழுத்துமூலம் பதில் தேவை.

'ஆம்' என்றால் அக்காவின் வேலைக்கு ஆபத்து. 'இல்லை' என்றால் அவளுடைய பட்டத்துக்கு.

நெறியாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ரெண்டு வருஷத்துல நீ எழுதின ஒரே நல்ல பக்கம் அதுதான்மா. அதையும் பொய்னு சொல்லிட்டு வந்து நிக்கிற."

5

முடிவு அ: அவள் உண்மையை உரக்கச் சொல்கிறாள். பணியாளர்கள் அனைவரும் திரண்டு... (இதற்கு முதல் பரிசே கிடைக்கும்.)

முடிவு ஆ: அவள் பட்டத்தைத் துறந்து வெளியேறுகிறாள். மழை. (மழை நான் சேர்த்தது. அந்த வாரம் முழுக்க வெயில்.)

நடந்தது வேறு. 'இல்லை' என்று பதில் எழுதி, அதை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தாள் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அக்கா ஈரக் கையைத் துடைத்துவிட்டு நிதானமாக வாசித்தார்.

"அப்போ நான் இல்லவே இல்லேங்கிறீங்க."

"உங்களக் காப்பாத்தத்தான்க்கா..."

"என்கிட்ட கேட்டீங்களா? பேசுறதுக்குக் கையெழுத்து வாங்கினீங்க. போஸ்டருக்குக் கேக்கல. இந்தப் பொய்யிக்கும் கேக்கல. நான் சொன்னது அத்தனையும் நெசம். என் முட்டிவலி நெசம். அத ஒரு பேப்பர்ல இல்லன்னு எழுதிடுவீங்களா?"

மனித உரிமைகள் பற்றி அவள் நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அந்தத் தாளைத் திரும்ப வாங்கி மடித்தாள்.

"இப்போ கேக்குறேன்க்கா. என்ன எழுதட்டும்?"

"யோசிச்சுச் சொல்றேன்," என்று அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

6

செவ்வாய்க்கிழமை காலை சொன்னார். அவள், சரி, நான், ஒரு வார்த்தைகூட மாற்றாமல் எழுதிக் கொடுத்தேன். எனக்கு என்ன ஆனது என்பதை மட்டும் சொல்லலாம், அது என்னுடையது: படிப்பு ஓராண்டு நின்றது. (இதை வைத்துப் பதிலைக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு பதிலுக்குமே என்மேல் குற்றம் இருந்தது.)

இந்தக் கதையை எழுதியதும் அக்காவை உட்காரவைத்து முழுதாக வாசித்துக் காட்டினேன். மாடியை மாற்றச் சொன்னார், மாற்றியிருக்கிறேன். முட்டிவலி இருக்கட்டும் என்றார்.

"கடைசில நீங்க சொன்ன பதிலப் போடலாமாக்கா?"

"வேணாம்."

"படிக்கிறவங்க கேப்பாங்களே."

"கேக்கட்டும்."