ஆறே காலுக்கு ஒரு சீழ்க்கை

மாலைச் செய்தியில் இரண்டு வாக்கியங்கள்கூட முடிந்திருக்கவில்லை. வானொலிப் பெட்டிக்குள் அந்தச் சீழ்க்கை மறுபடியும் எழுந்தது. முதலில் கொசுவின் ரீங்காரம் போல மெலிந்து ஒலித்து, பின்னர் செய்தி வாசிப்பவரின் குரலை முழுவதுமாக விழுங்கிக்கொண்டு நீண்டது. ஹாஜா மைதீன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறே கால். நேற்றும் முந்தாநாளும் ஏறத்தாழ அதே நேரம். குளித்த ஈரம் தலைமயிரில் உலராத நிலையிலேயே அவர் எழுந்துபோய்ப் பலகைச் சுவரில் காதை வைத்தார். சுவரின் மறுபக்க அறையில் வாடகைக்குக் குடியிருப்பவன் நடராஜன். பலகை இடுக்கின் வழியே வானொலி வால்வின் செம்மஞ்சள் ஒளி மயிரிழை அளவுக்குக் கசிந்துகொண்டிருந்தது. உள்ளே ஏதோ ஒரு குமிழ் திருப்பப்படும் ஓசை கேட்டது. உடனே சீழ்க்கையின் சுருதி மாறியது.

"ஏங்க, பல்லி மாதிரி சுவத்துல ஒட்டிக்கிட்டு என்ன செய்றீங்க?" என்றாள் மனைவி சபியா.

"மெதுவாப் பேசு. அவன் எதையோ அனுப்புறான்."

"போன மாசம் அடுத்த வீட்டுச் சேவல் கூவுனது சங்கேதம்னு சொன்னீங்க. அது கொழம்பாயிடுச்சு. இப்ப தம்பியப் புடிச்சுக்கிட்டீங்களா?"

ஹாஜா காதைச் சுவரில் இன்னும் அழுத்தினார். அரை மணி நேரம் கழித்துத் தெங்கேராப் பள்ளிவாசல் பக்கமிருந்து மக்ரிபு பாங்கோசை எழுந்தது. விளக்கு வைத்த பிறகு துணி வெளியே கிடக்கலாகாது என்பது சபியாவின் தாய்வீட்டு வழக்கம். அவள் கொல்லைப்புறம் சென்று கம்பியில் கிடந்தவற்றை வாரி எடுத்து வந்தாள். அவள் வாசற்படி ஏறுவதற்குள் சீழ்க்கை நின்றுபோயிருந்தது. பாங்கு சொல்லும் வேளையில் அது நிற்பதும் இன்றைக்கு முதல் தடவை அல்ல. அனுப்புகிறவன் ஊரின் நடமாட்டத்தை அளந்து வைத்திருக்கிறான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று அவர் தமக்குள் கேட்டுக்கொண்டார்.

மலாய் நாடு சுதந்திரம் அடைந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. ஒன்பது வயதில் கப்பலேறி வந்து, மலாக்கா நகரில் துணிக்கடை வைத்து, காஜா பெராங் பகுதியில் வீடும் கட்டிக்கொண்ட ஹாஜா, குடியுரிமைக்கு மனுச் செய்திருந்தார். அடுத்த வியாழக்கிழமை விசாரணைக்கு வருமாறு அழைப்பு வந்திருந்தது. மனுதாரர் நன்னடத்தை உடையவராக இருத்தல் வேண்டும் என்று தாளில் அச்சிட்டிருந்த வரியை அவர் பலமுறை விரலால் தடவிப் படித்திருந்தார். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வந்த அவசரகாலச் சட்டம் கடுமையாக இருந்த ஆண்டுகளில், இதே சந்தில் குடியிருந்த துணி வியாபாரி ஒருவர், பழகிய மனிதர் கொடுத்தார் என்பதற்காக ஒரு தகரப் பெட்டியை ஒரு வாரம் தம் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். பெட்டிக்குள் என்ன இருந்தது என்பது கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. மனிதரைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பதினெட்டு மாதங்கள் கழித்தே வெளியே விட்டார்கள். ஹாஜாவின் வீட்டிலோ பெட்டி, கம்பி, வால்வு, ஆள் ஆகிய அனைத்தும் இருந்தன.

நடராஜன் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை. நகரத்தில் வானொலி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் வேலை செய்தான். குடிவந்த மாதமே தன் எண்ணத்தை மறைக்காமல் கூறினான். தோட்டத்து லயக் குடியிருப்புகளில் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் பெட்டிகளுக்குத் தொலைவிலிருந்து வரும் அலை எட்டுவதில்லை. ஏரியலுக்கும் பெட்டிக்கும் இடையே பூஸ்டர் எனும் ஓர் அலைபெருக்கியை வைத்தால் எட்டும். ஆனால், மத்திய அலைக்கு ஒன்று, சிற்றலைக்கு இரண்டு என மூன்று பெருக்கிகள் வைத்தால் பேட்டரி ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே, ஒரே வால்வு மூன்று அலைவரிசைகளுக்கும் உழைக்க வேண்டும், அதுவும் சொற்ப மின்சாரத்தைத் தின்று. ஹாஜா அன்று பாதி கேட்டுப் பாதி தலையாட்டினார். இப்போதோ அந்த விளக்கமே அவருக்குப் பாடம் பண்ணி ஒப்பித்தது போலத் தோன்றியது. பால்மரம் சீவுகிறவர்கள் பாட்டுக் கேட்க வேண்டும் என்பதற்காக ஒருவன் ஆறு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொள்வானா?

மறுநாள் காலையில் நடராஜன் வேலைக்குப் போன பின், ஒழுகுகிற கூரையைப் பார்ப்பதாகத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு அவர் அந்த அறைக்குள் நுழைந்தார். பலகைச் சுவரை ஒட்டி, சன்னலருகே அந்தக் கருவி இருந்தது. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். அதன் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் படித்தார். 'திங்கள்: 5.50, பாய் வீடு திரும்பினார். 6.10, தொடங்கியது. 6.45, நின்றது. செவ்வாய்: 5.45, பாய் வந்தார். 6.15, தொடங்கியது.' மூன்று வாரங்களாக அவருடைய போக்கும் வரவும் அங்கே நாள்தோறும் பதிவாகியிருந்தன.

கடைக்குப் போனதும், வாடிக்கையாளர் வருமுன், ஜாவி எனும் அரபு எழுத்தில், மலாய் மொழியில், போலீஸ் நிலையத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். 'என் வீட்டில் குடியிருப்பவன் மாலைதோறும் கம்பியில்லாச் செய்தி அனுப்புகிறான். என்னையும் வேவு பார்க்கிறான்.' கையெழுத்திடாத கடிதம் குற்றமுள்ளவன் எழுதுவது என்று கருதி, முழுப் பெயரையும் விலாசத்தையும் தெளிவாக எழுதினார். உறை தபால் பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டபோது, பல நாள் பல்வலி விட்டது போலிருந்தது.

அன்று மாலை வழக்கப்படி கிணற்றடியில் குளித்து, ஈரக் கைலியைப் பிழிந்து கம்பியில் போட்டுவிட்டு வந்து அமர்ந்தார். ஆறே கால். சீழ்க்கை. அதோடு கதவு தட்டப்பட்டது. நடராஜன் நோட்டுப் புத்தகத்தோடு நின்றான்.

"பாய், கோவிச்சுக்காதீங்க. மூனு வாரமா உங்க மேல எனக்குச் சந்தேகம்."

ஹாஜாவின் கை நாற்காலியின் விளிம்பைப் பற்றியது.

"நீங்க வீட்டுக்கு வந்து அர மணி நேரத்துல என் பூஸ்டர் ஊள விட ஆரம்பிச்சிடுது. சுருள மூனு வாட்டி மாத்திச் சுத்திட்டேன். நீங்க எனக்குத் தெரியாம பெட்டியில ஏதும் புதுசா மாட்டியிருக்கீங்களா?"

அவர் பெட்டியை அணைத்துக் காட்டினார். அடுத்த அறையில் ஊளை நிற்கவில்லை. நடராஜன் ஓடிப்போய்த் தன் கருவியை அணைத்தான். ஹாஜா மீண்டும் பெட்டியைத் திருப்பியபோது செய்தி தெளிந்த நீர் போல வந்தது. ஆக, அவன் கருவிதான். ஆனால், காலையில் அது ஏன் வாய் மூடிக் கிடக்கிறது? கருவியை மறுபடியும் எழுப்பிவிட்டு, இருவரும் கொல்லைப்புறம் சென்றார்கள். துணி காயப்போடும் கயிறு இற்றுப்போனதென்று சபியா கேட்டதற்கு, மூன்று வாரங்களுக்கு முன் மிச்சமிருந்த செம்புக் கம்பியை நடராஜனே கட்டிக் கொடுத்திருந்தான்: ஒரு முனை அவன் சன்னல் ஆணியில், மறுமுனை ஏரியல் ஏறும் தென்னைமரத்தில். கம்பியின் நடுவே ஹாஜாவின் கைலி நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் கனத்தில் கம்பி வில்லாக வளைந்து, ஏரியலிலிருந்து இறங்கி வரும் ஒயரில் சாய்ந்திருந்தது. நடராஜன் ஒரு குச்சியால் கைலியைத் தூக்கினான். வீட்டுக்குள் சீழ்க்கை அறுந்தது. இறக்கினான். எழுந்தது.

அவன் அப்படியே தரையில் குந்திச் சிரித்தான். "பெருக்கின அலைய இந்தக் கம்பி திருப்பிக் கொண்டுபோய் ஏரியலுக்கே ஊட்டுது பாய். அது மறுபடி பெருகுது. அப்புறம் எங்க நிக்கும்? பூஸ்டரே ஒலிபரப்ப ஆரம்பிச்சிடுது. நானும் நீங்களும் சேந்து தெனம் ஒரு நிலையம் நடத்தியிருக்கோம்."

"கைலியாலயா?" என்றாள் படியில் நின்ற சபியா. "சேவல் தேவல."

ஹாஜாவால் சிரிக்க இயலவில்லை. கடிதம் இந்நேரம் தபால் பையில் இருக்கும். நாளைக் காலையில் யாரோ ஓர் அதிகாரி அதைக் கத்தியால் பிரிப்பார். எழுதியது ஒரு வகையில் மெய். அனுப்பியது அவருடைய கூரையின் கீழிருந்து. அனுப்பியதில் அவருடைய கைலிக்கும் பங்கு. "தம்பி" என்று அழைத்தார். நடராஜன் நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தில் ஆறு மாதக் களைப்பு ஒரே நொடியில் கழன்றிருந்தது. கடிதத்தைப் பற்றிச் சொல்ல அழைத்தவர், கம்பியைச் சுட்டிக் காட்டினார்.

"கம்பிய நீங்களே வெட்டிடுங்க பாய்," என்று கம்பி வெட்டும் குறடு ஒன்றை அவர் கையில் கொடுத்தான் அவன். "கொஞ்சம் இருங்க. வெட்டறதுக்கு முன்ன கையக் கிட்ட கொண்டு போங்க. சுருதி எவ்வளவு மாறுதுன்னு குறிச்சுக்கிறேன்." அவன் அறைக்குள் ஓடினான்.

வெட்டினால், வருகிற போலீஸார் ஊமைக் கருவியையும் புதிதாக வெட்டிய செம்புக் கம்பியையும் கண்டு, தடயத்தை மறைத்ததாக எண்ணுவார்கள். வெட்டாவிட்டால், ஆறே காலுக்கு வந்து நின்று, அவர் எழுதியதை எழுத்துப் பிசகாமல் கேட்பார்கள். வலக்கையில் குறடு கனத்தது. இடக்கையை அவர் கம்பியை நோக்கி நீட்டினார். தொடுவதற்கு முன்னரே, விரல் நெருங்க நெருங்க, சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சீழ்க்கை மேலேறியது. கையை இழுத்தார், இறங்கியது.

"நல்லாருக்கு பாய். இன்னொரு வாட்டி," என்று உள்ளிருந்து குரல் வந்தது. நோட்டுப் புத்தகத்தில் பென்சில் உரசும் ஓசையும், எழுதுவதை வாய்விட்டுச் சொல்லும் அவன் பழக்கமும் சன்னல் வழியே கேட்டன. "ஆறு நாப்பது. ஹாஜா பாய், கம்பி அருகில்." போலீஸார் புரட்டக்கூடிய நோட்டில் அவர் பெயரும் ஏறிவிட்டது.

தெங்கேராப் பக்கம் பாங்கு எழுந்தது. சபியா துணி எடுக்கக் கையை நீட்டியபடி அருகில் வந்து நின்றாள். கைலியின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. ஹாஜா கையை மறுபடியும் நீட்டினார். இரு அறைகளிலும் சீழ்க்கை அவரை நோக்கி ஏறி வந்தது.