இரும்புப் பாலத்துக் காலடி

வெள்ளைக்காரன் காலத்தில், மீன்கூடையோடு சந்தைக்குப் போகிறவர்களுக்காகப் போட்ட இரும்பு நடைபாலம் அது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் குருநகர் வீடுகள், அந்தப் பக்கம் பட்டணம். சண்டைக் காலத்தில் ஷெல் குண்டு விழுந்து நடுவில் ஓட்டை போட்டது. ஊர்க்காரர் ஒரு தகட்டை வைத்து மூடினார்கள். சரியாகப் பூட்டாத அந்தத் தகடு, யார் மிதித்தாலும் ஊருக்கே கேட்கச் சத்தம் போடும்.

ஜெசிதாவின் வீடு பாலத்தடியில். அவளுடைய புருஷன் ஜெறோம் ஒரு பின்னேரம் வலைநூல் வாங்கப் புறப்பட்டான். அவன் படியேறிய பிறகுதான், அக்கரையில் தோளில் துவக்கு மாட்டிய ஆட்கள் நிற்பதை அவள் கண்டாள். எந்தத் துவக்குக்காரர் என்று இன்றைக்கும் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். கூப்பிட வாயெடுத்தவளை மாமியார் அருமைநாயகி தடுத்தார்.

"போறவனைப் பின்னாலை கூப்பிடாதை பிள்ளை."

மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்தான். ஆனாலும் சகுனத்துக்கு எந்தக் கோயில்? ஜெசிதா வாயை மூடிக்கொண்டாள். தகடு ஒருமுறை சத்தமிட்டது. ஜெறோம் திரும்பி வரவேயில்லை.

மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் பின்னேரமானால் ஆளில்லாத பாலத்தில் காலடி கேட்கும். படியேறும், தகட்டை மிதிக்கும், அக்கரையில் அடங்கும். திரும்புகிற சத்தம் ஒருநாளும் இல்லை. கூப்பிட்டால் அந்தக் காலடியும் வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் ஜெசிதா இத்தனை வருசமும் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள்.

இப்போது பக்கத்தில் சீமெந்துப் பாலம் எழும்பிவிட்டது.

"அக்கா, நாளைக்கு விடிய உந்தப் பழைய பாலத்தை வெட்டப்போறம். ஆரும் ஏறவேண்டாம்," என்று பாலவேலையைப் பார்க்கும் ஓவசியர் சோமசேகரம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஜெசிதா இரும்புப் பாலத்தைப் பார்த்தாள். பாலம் போனால் அவளுடைய மனுசன் எந்த வழியால் வீடு வருவான்?

அன்று பின்னேரம் படியடியில் போய் நின்றாள். காலடி அவளைக் கடந்து ஏறியது. அன்றைக்கு அவன் குளித்துவிட்டுப் புறப்பட்ட அதே சவர்க்கார வாசம். தகட்டை அது நெருங்கும்போது, அன்று விழுங்கிய கூப்பாடு வெளியே வந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, போகாதேங்கோ."

காலடி நின்றது. பிறகு மெல்ல, ஒவ்வொரு படியாக, இறங்கி வரத் தொடங்கியது.

ஜெசிதா திரும்பிப் பார்க்காமல் முன்னே நடந்தாள். பின்னால் மணலில் செருப்புத் தேய்கிற சத்தம் கூடவே வந்தது. வீட்டுப் படலையைத் திறந்து, ஓர் ஆள் நுழைய வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"நூலை நாளைக்குப் பாப்பம்," என்றாள். "உள்ளுக்கை வாங்கோ."