பதின்மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர்

டொரண்டோவிலிருந்து மதுரைக்குப் பதின்மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். பதினேழு மணி நேரப் பயணம். நான் விமானம் ஏறி ஆறு நாள் ஆகிறது. எதிரே இருந்த திரையில் இன்னும் பத்தொன்பது மணி நேரம் என்று காட்டியது.

அப்பா இறந்துவிட்டார். நாலு மணிக்கு எடுக்க வேண்டும். ஒரே மகன் முகம் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்று ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து அவரே அரை மணிக்கு ஒரு தடவை போன் செய்தார்.

“எங்க வந்துருக்க, கதிரேசா?”

“பக்கத்துல வந்துட்டேன்ப்பா.”

“சரிப்பா. உங்க சித்தப்பன் கடிகார முள்ளப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். நாலு ஆயிரக் கூடாதுல்ல. கை கடுக்குதாம்.”

சித்தப்பா எதையாவது பிடித்தால் லேசில் விடமாட்டார். அதுவரை நிம்மதி.

போனை வைத்தேன். திரையில் நானூறு கிலோமீட்டர் கூடியது. பணிப்பெண் வந்தாள்.

“சார், நீங்க பக்கத்துல வந்துட்டேன்னு சொல்லச் சொல்லத்தான் தூரம் கூடுது. மத்தவங்கல்லாம் போய்ச் சேந்துட்டாங்க.”

திரும்பிப் பார்த்தேன். முந்நூறு இருக்கைகளும் காலி. ஒவ்வொன்றிலும் போர்வை மடித்து வைத்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. யாராவது ஒருவர் இருமினால்கூடப் போதும் என்றிருந்தது.

“உண்மையச் சொல்லிப் பாருங்களேன்.”

“அப்பாகிட்டயா?”

பதினோரு வருடமாக அடுத்த பொங்கலுக்கு வருகிறேன் என்றுதான் அவரிடம் சொல்லிவந்தேன். வாய் அதற்கே பழகியிருந்தது.

போன் அடித்தது.

“எங்க வந்துருக்க?”

“தூரத்துலதான்ப்பா இருக்கேன். ரொம்பத் தூரம்.”

பெட்டியின் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? நீ அலையாத. நானே வந்துர்றேன். ரெண்டு தடவ விசா இல்லேன்னாங்க. இப்ப யாரு கேக்கப் போறா?”

அவர் போனை வைத்ததும் விமானம் எங்கள் தெருவில் இறங்கியது. வாசலில் பந்தல் போட்டிருந்தது. சித்தப்பா நாற்காலி மேல் நின்று முள்ளைப் பிடித்திருந்தார். மூன்று ஐம்பத்தெட்டு. ஐஸ் பெட்டிக்குள் மாலை மட்டும் கிடந்தது.

“இப்பத்தான்டா உன்னயப் பாக்கக் கிளம்புனாரு. எதுத்தாப்புல வரலையா?”

“வரலையே, சித்தப்பா.”

“நான் கைய எடுக்கவா?”

“கொஞ்சம் பொறுங்க.”

போன் அடித்தது.

“கதிரேசா, வந்துட்டேன்டா. உன் வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். பனி கொட்டுது. கதவு பூட்டிக் கெடக்கு. எங்க இருக்க?”

சித்தப்பா முள்ளை மறு கைக்கு மாற்றிப் பிடித்தார்.

“பக்கத்துல வந்துட்டேன்ப்பா,” என்றேன்.

“சரிப்பா. அவசரமில்ல, மெதுவா வா.”

அவர் படியில் உட்காருவது கேட்டது.