சீராகக் கொடுத்த பெயர்

இலையில் சோறு விழுந்தும் பாண்டீஸ்வரி கை வைக்கவில்லை. மடியில் தேனி வக்கீல் கொடுத்த பேப்பர் கனத்தது. கம்பத்தில் இருக்கும் மருமகன் வீட்டுக்கு அவள் விருந்துக்கு வரவில்லை, ஒரு கையெழுத்துக்கு வந்திருந்தாள். நாளைக்குள் அது கிடைக்காவிட்டால் ‘கொடிமைனா’ கையை விட்டுப் போய்விடும்.

புருஷன் போன பிறகு காமயகவுண்டன்பட்டியில் மிளகாய் வறுத்து, தும்மித் தும்மி அவள் ஆளாக்கிய கறி மசாலாவின் பெயர் அது. திராட்சைக் கொடியில் உட்கார்ந்த மைனா படத்தோடு முறையாக டிரேட்மார்க் பதிவும் வாங்கியிருந்தாள். இப்போது தேனியில் ஒரு பெரிய கம்பெனி அந்தப் பதிவையே நீக்கச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு பேர் தனித்தனியாக விற்கிறார்கள், பிறகு அது எப்படி ஒருத்தியின் அடையாளம் ஆகும் என்று கேட்கிறார்கள். அந்த இரண்டாவது ஆள் மருமகன் விஜய்பாண்டி. கல்யாணத்தில் நகை குறைந்த வெட்கத்தை மறைக்க, கம்பத்துப் பக்கம் இந்தப் பெயரில் மாப்பிள்ளையே விற்றுக்கொள்ளட்டும் என்று, மசாலா பாக்கெட்டைச் சீர்த்தட்டில் வைத்துச் சபையில் சொன்னவள் சாட்சாத் பாண்டீஸ்வரிதான். சீர் கொடுக்கிறபோது யார் எழுதி வாங்குவார்கள்? வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

“என் அனுமதியில, என் மேற்பார்வையிலதான் வித்தீகன்னு ஒரு வரி மாப்ள. பேரு ஒருத்தியோடதுதான்னு கோர்ட்டுல நின்னுரும், அம்புட்டுத்தான்.”

விஜய்பாண்டி பேப்பரைத் தொடவில்லை. “சபையில சீரா வந்தத இரவல்னு எழுதித் தரணுமாக்கும். எங்க சொந்தபந்தம் என்ன சொல்வாக அத்த? மொதல்ல சாப்புடுங்க.” எழுந்து வெளியே போய்விட்டான்.

அவளும் எழுந்துவிட்டாள். மகள் கயல் அடுப்பை அணைத்துவிட்டு பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே வந்தாள்.

“அவுக போடலேன்னா இன்னொரு பேப்பர் இருக்குன்னு போன்ல சொன்னியே. அதுல என்ன எழுதியிருக்கு?”

பாண்டீஸ்வரி அதைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். விஜய்பாண்டி தன்னைக் கேட்காமல் பெயரைத் திருடி விற்றான், அவன்மேல் வழக்குப் போடப்போகிறேன் என்றிருந்தது. அதற்கு அவள் ஒருத்தி கையெழுத்துப் போதும்.

கயல் நின்று நிதானமாகப் படித்தாள். “இது பொய்தானம்மா.”

“பொய்தான் ஆத்தா. எனக்கு வேற வழி தெரியல.” நடுரோடு என்றும் பாராமல் அழுதாள்.

மகள் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தாள். “போட்டுக்கம்மா. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா அதுக்குப் பெறகு இங்கன வராத. அவுக மொகத்துல நான் தெனமும் முழிக்கணும்ல.”

தேனி பஸ் வந்தது. கயல் அம்மாவின் முழங்கையைத் தாங்கி ஏற்றிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்களில் மசாலா காய்ந்திருந்தது. பஸ் நகர்ந்த பிறகும் கம்பியை விடாமல் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தாள்.