எதிர்மரை வளையம்

பூட்டு வளையத்தைக் கையில் வாங்கி, நகத்தால் அதன் மரையைத் தடவியதுமே நாகஜோதிக்குத் தெரிந்துவிட்டது. மாமா தன் இஷ்டத்துக்கு வெட்டி வைத்திருக்கிறார்.

"இது சாதா மரை மாமா. நான் எதிர்மரைதான கேட்டேன்."

"நீ என்னத்தத்தான் கேக்கல?" சுந்தரபாண்டி லேத்தில் கிடந்த இரும்புச் சுருளை வழித்துத் தள்ளினார். "இருவத்திரண்டு வருசமா தறிக்குப் பல்லுச்சக்கரம் வெட்டுறேன். எது எந்தப் பக்கம் முடுக்கணும்னு நீ எனக்குச் சொல்லித் தாரியாக்கும்?"

அவள் கட்டிக்கொண்டிருந்தது ட்ராக்கில் ஓட்டுகிற பந்தய சைக்கிள். பிரேக் கிடையாது, கியர் கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். காலை நிறுத்திவிட்டு உருள முடியாது. வேகத்தைக் குறைக்கப் பெடலைப் பின்னுக்கு அழுத்த வேண்டும். அழுத்தினால் பின்சக்கரத்துப் பல்சக்கரம் கழன்று வரப் பார்க்கும். வரவிடாமல் பிடிக்கத்தான் அதன்மேல் பூட்டு வளையம். பின்னுக்கு அழுத்தும்போது அது இறுக வேண்டுமானால், அதற்கு மட்டும் மரை எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். இதை மூன்று தடவை வாயால் சொல்லி, நான்காவது தடவை படம் வரைந்து, சிவப்பு மையில் அம்புக்குறியும் போட்டுக் கொடுத்திருந்தாள். கணக்கில் பட்டம் வாங்கியவள் வரைந்த படம். அந்தத் தாளில் மாமா பஜ்ஜி வைத்துத் தின்றிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சென்னையில் மாநில அணிக்கான தேர்வு. சைக்கிளோடு வந்தால் ஓட்டலாம் என்று கோச் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். கடையில் விற்கிற ட்ராக் சைக்கிளை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அதனால் பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றின் சட்டத்தை அறுத்து, பின்கவட்டையை மாற்றிப் பற்றவைத்து, கிரில் பட்டறையில் ஹேண்டில்பாரை வளைத்து, மூன்று மாதமாக திருச்சுழி ரோட்டிலிருந்த இந்தப் பட்டறையில் வந்து கிடந்தாள். இன்னும் நான்கு நாள். இவர் வெட்டி வைத்திருப்பது சாதா மரை.

"வேற வெட்டிக் குடுங்க."

"ஓட்டிப் பாத்துட்டுப் பேசு. இல்ல, நானே ஓட்டிக் காட்டுறேன். எப்படியும் நாந்தான மொத ஓட்டணும்?"

அது உண்மை. வீட்டுக்கு எந்தப் புதுவண்டி வந்தாலும் தாய்மாமன் ஏறி ஓட்டிக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் தொடுவது அவர்கள் வகையறா வழக்கம். அதற்காகவே அப்பா நல்லமுத்து எலுமிச்சம்பழத்தோடு அன்று முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தார். நாகஜோதிக்குக் காது குத்தியதும் இதே மாமன் மடியில் உட்காரவைத்துத்தான். அன்றைக்கும் அவளை யாரும் கேட்கவில்லை.

வளையத்தை அவரே முடுக்கினார். அப்பா சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்தார். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ரோடு ஊருணிப் பக்கமாகச் சரிந்து போகிறது. கழன்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியும். ஏறாதீக மாமா. இரண்டே வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. ஏறட்டும் என்று விழுங்கினாள்.

பழம் நசுங்கியது. ஐம்பதடி தூரம் ராஜா மாதிரி போனார். பிறகு வழக்கம்போல் காலை நிறுத்தினார். பெடல் நிற்கவில்லை, அவர் முழங்காலைத் தூக்கி எறிந்தது. பயந்துபோய் முழு பாரத்தையும் போட்டுப் பின்னுக்கு அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். அதன்பின் பெடல் சும்மா சுற்றியது. "ஏத்தா! ஏத்தா!" என்று கத்திக்கொண்டே சரிவில் இறங்கி, ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் போய் விழுந்தார்.

நாகஜோதி ஓடினாள். ஓடியவள் மாமாவைத் தாண்டிப் போய், உருண்டு கிடந்த வளையத்தைத்தான் முதலில் எடுத்தாள்.

"ஏடி, மனுசன் விழுந்து கெடக்காரு, நீ எதடி பொறுக்குற?" பட்டறையை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து வந்த ரேணுகாதேவி அத்தை வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

மாமாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அப்பா, "போயி மாமன் கால்ல விழு" என்றார். "விழமாட்டேன்" என்றாள். அப்பா கை ஓங்கினார். ஆட்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார்.

மறுநாள் மதியத்துக்குள் டவுனில் மூன்று லேத்துப் பட்டறை ஏறி இறங்கினாள். சேதி அவளுக்கு முன்னால் போயிருந்தது. "சுந்தரபாண்டி கைய ஒடிச்ச பிள்ளையா? எங்க கை நல்லாருக்கட்டும் தாயி, போயிட்டு வா" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

சாயங்காலம் மாமா பட்டறைக்கே போனாள். லேத்தை மறித்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டுக் கை துண்டில் தொங்கியது.

"எதுக்கு வந்த?"

"லேத்து வேணும்."

"மன்னிப்புக் கேக்க வரல?"

"மூணு தடவ சொன்னேன். படமும் போட்டுக் குடுத்தேன். அதுல பஜ்ஜி தின்னீக."

"அது என் தப்பு. நான் ஏறயில ஏன் வாயத் தொறக்கல? கழண்டுரும்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"விழட்டும்னு நின்ன."

அவள் தலையைக் குனியவில்லை. "ஆமா."

 சுந்தரபாண்டி காறி வெளியே துப்பினார். பிறகு எழுந்து ஸ்டூலைக் காலால் ஓரம் தள்ளி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். 

ஒன்று போனால் ஒன்று என்று மரை வெட்டாத இன்னொரு வளையத்தையும், அது ஏறுகிற சக்கரக் குடமான ஹப்பையும் அவர் ஏற்கெனவே கடைந்து வைத்திருந்தார். லேத்தில் இரும்பைக் கவ்விச் சுழற்றுகிற சக்கில் முதலில் ஹப்பை மாட்டி முடுக்கினாள். மூன்று மாதமாகப் பார்த்துப் பார்த்து எந்த லீவர் எதற்கு என்று தெரியும். உளி நகரும் திசையை மாற்றுகிற லீவரை எதிர்ப்பக்கம் தள்ளினாள். ஸ்விட்சில் கை வைத்தாள்.

"ஏ."

திரும்பினாள். அவர் முகம் ரோட்டுப் பக்கமே இருந்தது.

"துப்பட்டாவக் கழட்டிப் போடு. சக்கு இழுத்துச்சுன்னா கழுத்தோட போயிருவ."

எதிரே திருச்சுழி பஸ் நின்றது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். நாகஜோதி துப்பட்டாவை உருவி எண்ணெய் டின்மேல் எறிந்துவிட்டு ஸ்விட்சைப் போட்டாள். வெட்டும் உளி வழக்கத்துக்கு மாறாக இடமிருந்து வலமாக நகரத் தொடங்கியது. நீலம் பாய்ந்த சுருள் ஒன்று புகைந்துகொண்டே எழுந்து, நீண்டு, அவர் பாதத்தருகே போய் விழுந்தது. அவர் காலை இழுக்கவில்லை.