தலையணைக்கு ஒரு போர்டு

"புதியவர்களுக்கு மிக மிக எளிது" என்று, சர்க்யூட் போர்டு வரையும் அந்த சாஃப்ட்வேரின் முகப்பில் எழுதியிருந்தது. எந்த மகராசன் எழுதினானோ, அவனைப் பிடித்து வந்து அவளுடைய நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். பாடமெல்லாம் வீடியோ. திரையில் ஓர் அம்புக்குறி அங்குமிங்கும் ஓடும். யாரோ பேசிக்கொண்டே போவார். முகத்தைக் காட்டித் தொலைத்தாலாவது உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது.

போன் ரிப்பேர் கடையில் நாளெல்லாம் ஈயம் உருக்கி சால்டர் வைப்பவள் அவள். செத்த போர்டுக்கு உயிர் கொடுக்கத் தெரியும். புதிதாக ஒன்றை வரைந்து பழக்கமில்லை. இப்போது வரைந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் குழந்தை கையை விட்டுப் போய்விடும்.

போன வாரம் கணவன் பேக்கரிக்கு ராத்திரி வேலைக்குப் போயிருந்தபோது, குழந்தை தொண்டை கட்டும்வரை அழுதிருக்கிறது. அதே அறையில் இவள் அசந்து தூங்கியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து, அவன் மாவுக் கையோடு ஓடிவந்து எழுப்பிய பிறகுதான் தெரிந்தது. வீங்கிப்போன அந்தக் குட்டி முகத்தை நினைத்து அன்றிலிருந்து அவள் ராத்திரித் தூக்கத்தையே விட்டுவிட்டாள்.

மறுநாளே மாமியார் வந்து நின்றாள்.

"உன்மேல தப்பு சொல்லல. ஆனா புள்ள என்கிட்ட வளரட்டும்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க அத்தை. புள்ள அழுதா என்னை எழுப்புற மாதிரி ஒண்ணு செஞ்சுடறேன்."

"செய்யி. முடியலைன்னா கூட்டிட்டுக் கிளம்பிடுவேன். அப்புறம் கண்ணைக் கசக்கிட்டு நிக்கக் கூடாது."

கடையில் விற்கும் கருவியை வாங்கிப் பார்த்தாயிற்று. தெருவில் லாரி போனாலும் அது அதிர்ந்தது. தொட்டிலில் ஒரு மைக், தலையணைக்கு அடியில் பழைய போன்களிலிருந்து கழற்றிய அதிர்வு மோட்டார்கள் என்று அவளே ஒன்று செய்தாள். நன்றாகத்தான் வேலை செய்தது, ஆனால் புரண்டு படுத்தால் ஏதாவது ஒரு ஒயர் பிடுங்கிக்கொள்ளும். ஒயர்களுக்குப் பதில் செம்புக் கோடுகள் அச்சடித்த கெட்டியான போர்டு வேண்டும். வெள்ளிக்கிழமை பட்டறை மூடுவதற்குள் வரைந்த ஃபைல் வந்தால் ஞாயிறு காலையில் போர்டு தருகிறேன் என்றார் போர்டு அச்சடிக்கும் பட்டறைக்காரர்.

கூட வேலை செய்பவர் இரண்டு சாஃப்ட்வேர்களைச் சொன்னார். ஒன்று இந்த "மிக மிக எளிது". இன்னொன்று சாம்பல் நிறத்தில், எறும்பு எறும்பாய்ப் பட்டன்களோடு இருந்தது. "அது இன்ஜினியருங்களுக்கு, உனக்கு வேணாம்" என்றுவிட்டார். அவளும் அழகானதையே எடுத்துக்கொண்டாள். வெள்ளி மதியம் வரைந்து முடித்தபோது, பச்சைப் பசேலென்று போர்டு திரையில் சுழன்றது. அடடா என்று பூரித்துப்போனாள்.

அனுப்பப் போகும்போது கணவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்து நின்றான்.

"அது ஏன் கத்திக்கிட்டே இருக்கு?"

"எது?"

"உன் கம்ப்யூட்டர்தான். காலையிலேர்ந்து டிங் டிங்னு."

அவள் அனுப்புவதை நிறுத்தினாள். அவனை நிற்க வைத்து, ஒரு கோட்டின்மேல் இன்னொரு கோட்டை இழுத்தாள்.

"இப்போ?"

"டிங்."

வெற்றிடத்தில் இழுத்தாள். "இப்போ?"

"சத்தமே இல்ல."

ஆக, ஒவ்வொரு தப்புக்கும் அது சத்தம் போட்டிருக்கிறது.

"எத்தனை தடவை கத்துச்சு?"

"எண்ணிக்கிட்டா இருந்தேன்? வேலை நடக்குதுன்னு நெனச்சேன்."

"காது இருந்து என்னய்யா பிரயோஜனம்!" என்று கத்திவிட்டு அழுதாள். குழந்தை மாதிரியேதான் இதுவும் காலையிலிருந்து அழுதிருக்கிறது. இவள் பாட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தச் சாம்பல் மூஞ்சியைத் திறந்தாள். இதில் பாடமெல்லாம் எழுத்தில் இருந்தது. ஒவ்வொரு தப்பின்மேலும் ஒரு சிவப்பு அம்பு, அதன் கீழே காரணம்: இந்த இரண்டு கோடுகளும் ஒட்டுகின்றன; இந்தப் பாகத்தின் கால் எதனோடும் சேரவில்லை. முதலிலிருந்து வரைந்துவிட்டுச் சோதித்தால், திரை முழுக்க அம்மை போட்டதுபோல் சிவப்பு. திட்டட்டுமே! கண்ணுக்குத் தெரிகிற மாதிரி திட்டுகிறதே, அது போதும் அவளுக்கு.

ஒவ்வொன்றாகத் திருத்தி அழித்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கணவன் போனில் பட்டறைக்காரரிடம் கெஞ்சுவதை உதட்டில் பார்த்தாள். "அண்ணே, ஷட்டரை இறக்கிடாதீங்க. இன்னும் ரெண்டே அம்புதாண்ணே." எந்த அம்பு, என்ன அம்பு என்று அந்த மனிதர் குழம்பி முடிப்பதற்குள் ஃபைல் போய்விட்டது.

ஞாயிறு காலை போர்டு வந்தது. சால்டர் வைத்து, சோதிப்பதற்காகக் கூடத்தில் போட்ட தொட்டிலிலிருந்து அறையிலிருந்த தலையணைக்கு நீளமாக ஒயர் இழுத்தாள். வாசலில் வண்டியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மாமியார் உள்ளே வந்தாள்.

குழந்தையோ என்றைக்கும் இல்லாத திருநாளாய்ச் சிரித்தபடி தூங்கியது. மூன்று பேரும் அதன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அழுகிற வழியைக் காணோம்.

"நீ போய்ப் படு. தூங்கினாத்தானே தெரியும்?" என்றாள் மாமியார்.

சும்மா கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றுதான் படுத்தாள். ஒரு வாரத் தூக்கம், விடுமா? அடித்துப் போட்டாற்போல் தூங்கிப்போனாள்.

தலையணை அதிர்ந்தது. கனவோ என்று கையை வைத்துப் பார்த்தாள். நிஜமாகவே அதிர்ந்தது. எழுந்து கூடத்துக்கு ஓடினாள்.

தொட்டில் காலி. கணவனைக் காணோம், பால் வாங்க அனுப்பிவிட்டிருந்தாள் மாமியார். தோளில் பையும், ஒரு காலில் மட்டும் செருப்புமாக அவள் வாசற்படியில் நின்றாள். அவள் மார்பில் குழந்தை, முகம் சிவந்து, வாயை அகலத் திறந்தபடி.

"தூக்கினதும் அழுதுட்டா..." மாமியாரின் உதடு தடுமாறியது. "நீ எழுந்திரிக்க மாட்டேன்னு நெனச்சேன்."

இவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"குடுங்க என் புள்ளைய."

எவ்வளவு உரக்கச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. தெருவில் வண்டிக்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து குழந்தையைக் கொடுத்தாள்.