கண்டவர்கள் நூல் கட்டவும்

சூறாவளி அடித்துப் பன்னிரண்டாவது வாரத்தில், கல்முனைச் சந்தையில் ஒரு கடையை றாஹிலா கடலாக்கினாள்.

கடை என்பது பெரிய வார்த்தை. நாலு கம்பு, மேலே புதுத் தென்னங்கிடுகு, பின்னால் புயலுக்கும் சாயாத ஒரு சுவர், அவ்வளவுதான். திருத்திய சந்தை மறுபடி கூடுகிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஏதாவது செய்து வைக்கட்டும் என்று திங்கள் தொடக்கம் வியாழன் வரை அந்த இடத்தைக் கொடுத்திருந்தார்கள். சித்திர மாஸ்டர் எதிர்பார்த்தது அட்டையில் ஒரு பள்ளிவாசலும் களிமண்ணில் ஒரு வயலும். எந்தக் கண்காட்சிக்கும் அதுதான். உயர்தர வகுப்பில் படிக்கிற றாஹிலா வேறு கதை சொன்னாள்.

"பாத்துட்டுப் போற சாமான் வேணா சேர். வாற சனம் கைவெச்சாத்தான் முடியிற மாதிரி ஒண்டு செய்வம்."

மாஸ்டருக்கு விளங்கவில்லை. விளங்காததைத் தடுக்கிற குணம் அவரிடம் இல்லை. அந்த மட்டில் நல்ல மனிதர்.

மூன்று பேர் சேர்ந்து செய்தார்கள். புயலில் கிழிந்து கரையில் குப்பையாகக் கிடந்த கரைவலை ஒன்றை இழுத்து வந்து சுவர் முழுக்க விரித்தாள் றாஹிலா. அதுதான் கடல். தடித்த கயிறு ஒன்றை மேலிருந்து கீழே வளைத்துக் கட்டினார்கள், அது கரை. கயிற்றில் வாகரை முதல் பாணமை வரை ஊர்ப் பெயர் எழுதிய பலகைத் துண்டுகள் தொங்கின. மருதமுனையிலிருந்து வருகிற ஸுல்பிகா தங்கள் வீட்டுத் தறியில் மிஞ்சிய நூலைக் கொண்டுவந்தாள், ஒரு கூடை பச்சை, ஒரு கூடை வெள்ளை. எழுத்து அப்துல் கபூருடையது. வகுப்பிலேயே அவனுக்குத்தான் முத்தான எழுத்து. 'சூறாவளியில் போன தோணிகளையும் ஆட்களையும் கண்டவர்கள், கண்ட இடத்தில் நூல் கட்டவும். கண்டவர்கள் பச்சை. தேடியும் காணாதவர்கள் வெள்ளை.' அதைப் பெரிய பலகையில் எழுதி வாசலில் சாத்திவைத்தான்.

ஸுல்பிகாவும் கபூரும் இதைச் சித்திரம் என்றே நினைத்தார்கள். றாஹிலாவுக்கு இது சித்திரமே அல்ல. அவளுடைய வாப்பா பக்கீர் முகைதீன், காற்று அடிப்பதற்கு முதல் நாள் புதன்கிழமை, சாய்ந்தமருதுக் கரையிலிருந்து இன்னும் இரண்டு பேருடன் தோணியில் போனவர். தோணியும் வரவில்லை, பலகையும் ஒதுங்கவில்லை. மற்ற இரண்டு வீட்டிலும் மௌத்தானவர்களுக்கு ஓதுகிற கத்தத்தை ஓதி முடித்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் இரண்டு பேரும் இத்தாவில் இருக்கிறார்கள். புருஷன் மௌத்தானால் அந்த நாளிலிருந்து எண்ணி நாலு மாதமும் பத்து நாளும் அறைக்குள்ளே, அந்நிய ஆணின் கண்ணில் படாமலும் அவனோடு பேசாமலும் இருக்க வேண்டும். றாஹிலாவின் உம்மா மட்டும் இருக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள்.

"கண்ட ஆள் ஒருத்தன் என்ட முன்னால வந்து கண்டன் எண்டு சொல்லட்டும். அதுக்குப் பிறகு நான் இருக்கிறன்."

வாப்பாவின் காக்கா, பெரியவாப்பாவைக் குறைசொல்லவும் முடியாது. தம்பிக்காக அவரும் கரை கரையாக அலைந்து கால் வீங்கியவர்தான். "என்ட தம்பிட ரூஹுக்கு ஒரு யாசீன் ஓதாம எத்தின நாளைக்கு இரிக்கிற? வாற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு என்ட வீட்டுல கத்தம் ஓதுறன். உம்மா வந்தாலும் சரி, வராட்டியும் சரி," என்று சொல்லிவிட்டார். கத்தம் ஓதிவிட்டால் ஊருக்கு வாப்பா மௌத்து. பிறகு யாரும் தேட மாட்டார்கள். வெள்ளிக்கு முன்னால் கண்ட ஆளைப் பிடிக்க வேண்டும். ஊர் ஊராய்ப் போய்க் கேட்கப் பெண்பிள்ளைக்கு வழியில்லை. ஆனால் எல்லா ஊரும் கல்முனைச் சந்தைக்கு வரும்.

பகல் பள்ளிக்கூடம் விட்டுத்தான் மூவரும் கடைக்கு வர முடியும். சந்தை நிரம்பி வழிகிற காலை நேரத்தில் கடல் தனியே கிடந்தது. திங்கள் பின்னேரம் வந்து பார்த்தபோது ஒன்பது பச்சை நூல். றாஹிலா இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள். செவ்வாய் பின்னேரம் முப்பத்தொன்று. அதிலும் பொத்துவிலுக்கும் பாணமைக்கும் இடையில் மட்டும் பதினாலு! வெள்ளை நூலை ஒருவரும் தொடவே இல்லை.

அவள் வீட்டுக்கு ஓடினாள். ஓடக்கூடாத வயதில், ஓடக்கூடாத தெருவில் ஓடினாள்.

"உம்மா, பதினாலு பேர் கண்டிருக்காங்க! பொத்துவிலுக்கு அங்கால!"

உம்மா அன்றைக்குத்தான் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு தலைவாரினாள். வாப்பாவின் சாரன்களை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள். இரவில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். "பொத்துவில் பக்கம் ஆஸ்பத்திரியில கிடக்காரோ தெரியா. பேச்சு மூச்சில்லாமக் கிடந்தா எப்பிடி மனே தகவல் சொல்லுற?" என்று மகளிடமே கேட்டு, தனக்குத்தானே வழி கண்டுபிடித்தாள். பார்க்கப் பார்க்க றாஹிலாவுக்குச் சந்தோஷம்.

புதன்கிழமை அவள் சந்தைக்குள் நுழைந்தபோது, பன்புல் பாய் விற்கிற நாச்சியா கடைக்குள் நின்றாள். பச்சை நூல் ஒன்றை எடுத்து, பாணமைப் பக்கம் வலைக்கண்ணில் முடிந்து, விரலை முத்தி, கண்ணை மூடி ஏதோ ஓதினாள். பிறகு இன்னொன்றை எடுத்தாள்.

"மாமி, எங்க கண்ட நீங்க? ஆரக் கண்ட?"

நாச்சியா திடுக்கிட்டாள். "ஆரையும் காணல்ல மனே. என்ட மருமகனும் தோணியில போனவன்தானே? நேந்து கட்டுறன். இஞ்ச கட்டினா போனாக்கள் திரும்பி வருவாங்களாமே, சந்தை முழுக்கக் கதைக்காங்க."

"போர்டுல எழுதியிரிக்கே மாமி!"

"எனக்கு எழுத்துத் தெரியுமா மனே?"

நம்முடைய சனத்துக்குப் பச்சை நூலும் முடிச்சுப் போட ஒரு இடமும் கண்ணில் பட்டால் போதும். கடற்கரைப் பள்ளிவாசலில் நேர்ந்து காலங்காலமாகக் கட்டிப் பழகிய கை. கபூரின் முத்தான எழுத்தை யார் பார்த்தார்கள்? கீழ்ப்பக்கம் ஏன் அத்தனை நூல் என்றால், கை எட்டுகிற உயரத்தில் பாணமைதான் இருந்தது. வேறு காரணமே இல்லை. றாஹிலா அதைக் கண்ணால் அளந்து பார்த்தாள். நாச்சியாவின் இடுப்பு உயரம். உம்மா சோறு தின்ற காட்சி ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அவள் செய்தது பைத்தியக்கார வேலை. வலைக்குமுன் மண்டியிட்டு ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்தாள், நகம் போதாத இடத்தில் பல்லால் கடித்து இழுத்தாள்.

"அடியே, நேத்திக்கடன் முடிச்சை அவுக்காத!" நாச்சியா அலறினாள். அக்கம்பக்கத்துக் கடைப் பெண்கள் ஓடிவந்தார்கள். அவர்கள் கட்டிய முடிச்சும் அதிலே இருந்தது. ஒருத்தி அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள், இன்னொருத்தி "இவள்ர வாப்பாவை இவளே அவுத்துவிடுறாள்" என்றாள். அந்தச் சொல்லுக்குப் பிறகு றாஹிலா அசையவில்லை. ஸுல்பிகாதான் அவளை எழுப்பி முகம் கழுவக் கூட்டிப்போனாள்.

அன்றிரவு உம்மாவிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். உம்மா சாரன்களை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். சொல்ல முடியவில்லை. பொய் சொன்ன பாவத்தைவிட, அதை எடுத்துவிடுவது பெரிய பாவமாகத் தெரிந்தது.

வியாழன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு விடியச் சந்தைக்கு வந்தாள். மிச்ச நூலை யாரும் கட்டவிடாமல், வந்த ஒவ்வொருவரையும் மறித்தாள். வாழைச்சேனை மீன்காரர், சம்மாந்துறை நெல் வியாபாரி, அக்கரைப்பற்று லொறிக்காரர், ஒருவர் மிச்சமில்லை. "சூறாவளிக்குப் பிறகு தோணியில வந்த ஆள் ஆரையாவது கண்ட நீங்களா?" வெட்கம், பயம், பெரியவாப்பா, ஒன்றும் நினைவில் இல்லை. சிலர் இல்லை என்றார்கள். சிலர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "இருப்பார், இருப்பார், அல்லாஹ் இரிக்கான்" என்றார்கள். அந்த ஆட்கள்மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து பலகை முன்னால் நின்றார். பொத்துவிலிலிருந்து கருவாட்டு லொறியோடு வந்தவர், பெயர் முத்தலிப். பலகையை வாசித்தார். வலையைப் பார்த்தார். திரும்பவும் வாசித்தார். றாஹிலா கேட்பதற்கு முன்னால் அவரே கேட்டார்.

"தங்கச்சி, கண்ட ஆளுக்குப் பச்ச. காணாத ஆளுக்கு வெள்ள. மையித்தக் கண்டவன் எந்த நூலக் கட்டுற?"

வாகரை முதல் பாணமை வரை ஒவ்வொரு ஊரையும் தொங்கவிட்டிருந்தார்கள், சின்னச் சின்ன முனைகளைக்கூட. ஆனால் மையித்துக்கு, உயிர் போன உடம்புக்கு, அவள் கடலில் இடமே வைக்கவில்லை. மறந்துபோய் விட்டதல்ல, வேண்டுமென்றே விட்டது. இப்போது அது அவளுக்கே தெரிந்தது.

"எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

முத்தலிப் குனிந்து, பாணமைக்குக் கொஞ்சம் மேலே விரலை வைத்தார். "காத்தடிச்சு மூணாம் நாள், ஞாயித்துக்கிழம. கரையில ஒதுங்கிக் கிடந்துது. ஆரெண்டு தெரியா தங்கச்சி. முகம் சொல்லக்கூடிய மாதிரி இரிக்கல்ல. நம்மட மார்க்கத்து ஆள்தான். அது மட்டும் பாத்து அறிஞ்ச. இடுப்புல பை வெச்ச அகலப் பெல்ட் இருந்துது. பைக்குள்ள காசில்ல, சின்னப் போத்தல் ஒண்டுதான். மருந்தெண்டு நெனச்சம். தொறந்து பாத்தா உள்ளுக்கு நீலச் சாயம் காஞ்சு ஒட்டியிருந்துது."

றாஹிலா வலையைப் பிடித்துக்கொண்டாள். புதன்கிழமை வாப்பா வெளிக்கிடுகிறபோது, தீர்ந்துபோன வர்ணப் போத்தலை அவள்தான் கையில் திணித்தாள். வாப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, கடைக்காரனிடம் காட்டி இதே நீலம் வாங்க வேண்டும் என்பதற்காக. "வேற நீலம் வாங்கிட்டு வந்துராதீங்க வாப்பா." மீனை விற்றுவிட்டு வாங்கி வருகிறேன் என்று பெல்ட்டுக்குள் போட்டுக்கொண்டார். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? ஒரு காலிப் போத்தல்.

அழுகை வரவில்லை.

"தொழுத நீங்களா?"

"குளிப்பாட்டிக் கபன்துணி சுத்தி, தொழுதுதான் அடக்கின. தலமாட்டுல கல்லு நட்டிரிக்கி. நானும் ஒரு பிடி மண் போட்டவன்."

"உம்மாட்ட வந்து இதச் சொல்லுவீங்களா? கண்ட ஆள் வந்து சொன்னாத்தான் நம்புவா."

முத்தலிப் லொறிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சரக்கு இறக்கி முடியவில்லை. "நடங்க, வாறன்," என்றார்.

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் அவள் முன்னாலும் அவர் பத்தடி பின்னாலுமாக நடந்தார்கள். வழி முழுக்க அவள் உம்மாவிடம் சொல்ல வாசகம் தேடினாள். எந்த வாசகமும் உம்மாவின் துவைத்த சாரன்களைத் தாண்டிப் போகவில்லை. வீட்டு வேலிக் கடப்படிக்கு வந்ததும், உம்மாவே வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஆரு மனே இவர்?"

"பொத்துவிலால வந்தவர் உம்மா. வாப்பாவக் கண்டவர்."

உம்மா கேட்டிருந்த வார்த்தை அதுதான், கண்ட ஆள். அதனால் றாஹிலாவின் வாயில் அதுதான் முதலில் வந்தது. மிச்சத்தைச் சொல்ல உம்மா இடம் வைக்கவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்!" உம்மாவின் முகம் திறந்தது. "மனிசனை வெயிலுல நிக்க வெச்சிரிக்காய்! உள்ள வாங்க தம்பி, இரிங்க." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதிரையைத் தட்டிப் போட்டாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்ததா, கொதிக்க வைத்தாளா தெரியாது, கண்மூடித் திறப்பதற்குள் தேத்தண்ணிக் கோப்பை வந்தது. அவருடைய முகத்துக்கு நேரே நின்று கேட்டாள். "எப்பிடி இரிக்கார் தம்பி? மெலிஞ்சு போயிருப்பாரே. ஏன் உங்களோட கூட்டி வரல்ல? நடக்க ஏலாதா?"

முத்தலிப் கோப்பையைத் தொடவில்லை. றாஹிலாவைப் பார்த்தார்.

சொல்ல வேண்டியது அவள்தான். இரண்டு நாளாக இந்த நம்பிக்கையை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தவள் அவள்தானே.

"உம்மா, வாப்பாவ அடக்கிட்டாங்க உம்மா. தொழுதுதான் அடக்கினாங்களாம். என்ட வர்ணப் போத்தல் இடுப்புல இருந்திரிக்கி."

உம்மா அலறவில்லை. மகளைப் பார்த்தாள், வந்தவரைப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் ஓர் அந்நிய ஆணின் முகத்துக்கு நேரே தான் நிற்பது அப்போதுதான் தெரிந்ததுபோல ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். இன்னொரு எட்டு. அறை வாசலைத் தாண்டி உள்ளே போய், திரையை இழுத்துவிட்டாள்.

பிறகு திரைக்கு அந்தப் பக்கமிருந்து, தேத்தண்ணி கொண்டுவந்தபோது இருந்த குரல் அல்ல, வேறு ஒரு சின்னக் குரல் வந்தது.

"மகள், எண்டைக்கு எண்டு கேளு."

முத்தலிப் நிலத்தைப் பார்த்தபடி றாஹிலாவிடம் சொன்னார். "காத்தடிச்சு மூணாம் நாள். ஞாயித்துக்கிழம, அசறுத் தொழுகைக்குப் பிறகு."

நாலடி தூரம்தான், உள்ளே நன்றாகக் கேட்டிருக்கும். ஆனாலும் றாஹிலா திரையின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக மறுபடியும் உம்மாவுக்குச் சொன்னாள்.